கொட்டலசு பிடித்த படகு: விசுவாச வாழ்வில் வரும் அசதியை அறிந்து நீக்க ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 பிறந்தால் எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பாம்பன், ராமேஸ்வரம், மண்டபம், எங்கே போனாலும் கரையேற்றிய படகுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்படியொரு தடைக்காலத்தில், தெரிந்த ஒருவரின் படகைச் சுரண்டுகிற இடத்தில் ஒருநாள் காலை போய் நின்றேன். நீர்மட்டத்துக்கு மேலே படகு கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பளிச்சென்ற பெயின்ட், அணியத்தில் மாதா பெயர், உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை. நீர்மட்டத்துக்குக் கீழே முழுக்கக் கொட்டலசு. ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, தொட்டால் கையைக் கீறிவிடும் வெள்ளை ஓடுகள். இரண்டு பேர் இரும்புத் தகட்டை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அது நொறுங்கிச் சரிகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. கீழே குவிந்ததிலிருந்து செத்த சிப்பி நாற்றம்.

"மேல பார்த்தா ஒண்ணும் தெரியாதுண்ணே," என்றார் படகுக்காரர். "டீசல்தான் காட்டிக்கொடுக்கும். அதே தூரந்தான், அதே இன்ஜின்தான். ஆனா கூடக் குடிக்கும், ஓட்டம் இருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. ஏறக்குறைய மூன்று வருசம் என் விசுவாசம் அந்தப் படகு மாதிரிதான் இருந்தது. ஞாயிறு பூசை தவறியதில்லை. எங்கள் அன்பியத்துக்கு, அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் குழுவுக்கு, நான்தான் பொறுப்பாளன். திருவிழா வரி வாங்குவதிலிருந்து சப்பரத்துக்குப் பூ சொல்வதுவரை என் தலையில்தான். உள்ளே மட்டும் எதுவும் அசையவில்லை. அதிலிருந்து வெளியே வந்த வழியை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டதோடு சேர்த்து, முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

இதற்குப் பெயர் என்ன

ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தவர்களுக்குக் கடைசியில் வரும் 'சோம்பல்' நினைவிருக்கும். அந்தச் சொல் நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டது. சோம்பல் என்றதும் விடிந்தும் எழுந்திருக்காதவன், வேலைக்குப் போகாதவன் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த அசதிக்குப் பழைய துறவிகள் சொன்ன சொல் 'அக்கேதியா'. கிரேக்கத்தில் அதன் நேர்ப்பொருள் அக்கறை இல்லாமை. ராத்திரி பகலாக ஓடியாடி வேலை செய்கிறவருக்கும் அது வரும்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதை அச்சு அசலாக எழுதிவைத்திருக்கிறார். திருப்பாடல் 91இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் 'நண்பகல் பேய்' இதுதான் என்பது அவர் கணிப்பு. உச்சி வேளையில் வரும். சூரியன் நகரவே இல்லை, பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்பதுபோல இருக்கும். துறவி குடிசைக்கு வெளியே எட்டிப் பார்ப்பார், யாராவது சகோதரர் பேச வருகிறாரா என்று. பிறகு அந்த இடமே பிடிக்காமல் போகும். இங்கே யாருக்கும் அன்பில்லை, வேறு ஊருக்குப் போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு மண்டபம் கடற்கரையில் நிற்கிற எவருக்கும் இது புரியும். அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், நாம் போனைத் திறந்து பார்க்கிறோம். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்றும் உண்டு. கரைவலை இழுக்கும்போது கயிற்றில் வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். அதில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான், 'ஏலேலோ'வும் சொல்வான், காலும் பின்னால் நகரும். ஆனால் இழுக்கமாட்டான். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட உடனே தெரியாது. மடி கரைக்கு வந்ததும் பங்கு வாங்க முதலில் நிற்பான்.

என் சம்பந்தி வீட்டார் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தில் ஆமோஸ் 6ஆம் அதிகாரம் சீயோனிலே 'நிர்விசாரமாய்' இருக்கிறவர்களுக்கு ஐயோ என்று தொடங்கும். எவ்வளவு பொருத்தமான சொல். எந்த விசாரமும் இல்லை. தந்தக் கட்டிலில் படுத்து, பாட்டுப் பாடி, எண்ணெய் பூசிக்கொண்டிருப்பவர்கள், யோசேப்பின் வீட்டார் அழிவதைப் பற்றி வருத்தப்படாதவர்கள் என்று தீர்க்கதரிசி அடுத்தடுத்த வசனங்களில் அடுக்குகிறார். பாட்டு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது

முதல் ஆபத்து, நமக்கே தெரியாமல் போவது. நீதித்தலைவர்கள் 16இல் சிம்சோன் தூக்கத்திலிருந்து எழுந்து, முன்போலவே உதறிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறான். ஆண்டவர் தன்னை விட்டு அகன்றுவிட்டதை அவன் அறியவில்லை என்கிறது விவிலியம். முடி போனதைவிட அந்த வரிதான் எனக்குப் பயம் தருகிறது.

இலவோதிக்கேயா சபைக்கும் இதே நோய். இன்றைய துருக்கியில் இருந்த பணக்கார ஊர் அது. கி.பி. 60இல் நிலநடுக்கம் ஊரை நொறுக்கியபோது, ரோமாபுரியின் உதவி இல்லாமல் தங்கள் பணத்திலேயே கட்டி எழுப்பியவர்கள். 'எனக்குச் செல்வம் உண்டு, ஒரு குறையும் இல்லை' என்று சொல்கிறாய் என அவர்களிடம் ஆண்டவர் பேசுவது சும்மா இல்லை. ஒரு பக்கம் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, இன்னொரு பக்கம் கொலோசையில் குளிர்ந்த நீர், இவர்களுக்குக் குழாய் வழியே வந்து சேர்ந்ததோ வெதுவெதுப்பான சுண்ணாம்புத் தண்ணீர் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். ராமநாதபுரத்துக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். சித்திரை வெயிலில் தொட்டியில் கிடந்த உப்புக் கரிக்கும் தண்ணீரை வாயில் ஊற்றினால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்வேன் என்கிறார், திருவெளிப்பாடு 3:16இல்.

இரண்டாவது ஆபத்து, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாமல் போவது. இதை நான் என் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.

எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு தங்கச்சியின் வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் நான்கு நாள் ஆகியிருந்தது. அன்று மாலை செபம் அவர்கள் வீட்டில். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுரூபத்துக்கு முன் ஒரு மெழுகுதிரி, மூலையில் பாய் போட்டு சின்னப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நான்தான் செபம் சொன்னேன். சிறையில் வாடும் சகோதரர்களுக்காக, அவர்களின் கண்ணீர் சிந்தும் குடும்பங்களுக்காக என்று வாய் சரளமாக ஓடியது. பாட்டு பார்ப்பதற்காகக் கையில் வைத்திருந்த போனில் கிரிக்கெட் ஸ்கோர் வந்து விழுந்தது. செபத்தை நிறுத்தாமலே கட்டைவிரலால் அதைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு விக்கெட். வாய் 'ஆறுதல் அளித்தருளும்' என்றது.

அந்தத் தங்கச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபமே இல்லாமல் சொன்னது: "அண்ணே, நீங்க அதைப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் செபிப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

2013 ஜூலை 8ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் இத்தாலியின் லாம்பெதுசா தீவுக்குப் போனார். படகில் வந்து கடலில் மூழ்கிப்போன அகதிகளுக்காக அங்கே பூசை வைத்து, அக்கறையின்மை உலகமயமாகிவிட்டது, நாம் அழக்கூட மறந்துவிட்டோம் என்று பேசினார். 1983க்குப் பிறகு படகு படகாக அகதிகள் வந்திறங்கிய கரை நம்முடையது. மண்டபம் முகாம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்காகக் கடைசியாக எப்போது செபித்தேன் என்று அந்தச் செய்தியைப் படித்தபோது யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

பிள்ளைகளுக்கு வரும் பாதிப்பு மூன்றாவது. அவர்கள் நம் பேச்சை நம்புவதில்லை, முகத்தைத்தான் படிக்கிறார்கள். செபமாலையின்போது அப்பா கொட்டாவி விட்டதை எண்ணிவைத்திருப்பார்கள். அப்புறம், வெறுமையான இடம் வெறுமையாகவே இருக்காது. கூட்டிப் பெருக்கி வைத்த வீட்டுக்கு ஏழு பேய்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவரும் பேயைப் பற்றி மத்தேயு 12இல் ஆண்டவரே சொல்கிறார். அக்கறை போன இடத்தில் சிலருக்குக் குடி வரும், சிலருக்கு வட்டிக்குக் கொடுக்கும் ருசி வரும், என்னைப்போன்ற 'நல்லவர்களுக்கு' அடுத்தவரைக் குறை சொல்லும் சுகம் வரும்.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அந்த இடிந்த கோவிலைப் பார்த்துவிட்டு, 1964 டிசம்பர் புயல் ஒரே ராத்திரியில் அழித்துவிட்டது என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்வார்கள். புயல் கூரையைக் கொண்டுபோனது உண்மை. மிச்சம் நின்ற சுவரை அன்றிலிருந்து உப்புக்காற்று தினமும் அரித்துக்கொண்டிருக்கிறது. சுவரில் கை வைத்தால் மணலாக உதிரும். புயலில் நாமெல்லாம் முழங்காலில்தான் இருந்தோம். எனக்குத் தெரிந்து விசுவாசம் போனவர்களில் பெரும்பாலோர் கடல் ஓய்ந்திருந்த நாட்களில்தான் அதை விட்டார்கள்.

சரி, என்ன செய்வது?

முதல் படி: எது அசதி, எது இல்லை என்று பிரித்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தவறான நோய்க்கு மருந்து சாப்பிட்ட கதையாகிவிடும்.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள் கடலுக்குப் போவது வழக்கம். சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலையில் கரைக்கு வருவார். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்து பிரசங்கத்தில் கண்ணசந்தால் அது பாவமும் இல்லை, அசதியும் இல்லை. களைப்பு. 1 அரசர்கள் 19இல் எலியா சூரைச்செடி நிழலில் படுத்து, போதும் ஆண்டவரே, உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வானதூதர் வந்து அவரைத் திட்டவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார். சாப்பிட்டு மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். உங்களுக்கு வேண்டியது இதுவாக இருக்கலாம். ஒரு வாரம் சரியாகத் தூங்கிப் பாருங்கள்.

இன்னொன்று, செபத்தில் வரும் வறட்சி. செபித்துக்கொண்டேதான் இருப்பீர்கள், ஒரு இனிமையும் இருக்காது. இரண்டையும் பிரிக்க 16ஆம் நூற்றாண்டில் சிலுவை அருளப்பர் என்ற ஸ்பெயின் துறவி ஒரு அடையாளம் சொல்லியிருக்கிறார்: வறட்சியில் இருப்பவர் தான் கடவுளுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே, பின்வாங்கிப் போகிறோமோ என்று தவிப்பார். வெதுவெதுப்பானவருக்கு அந்தத் தவிப்பே இருக்காது. ஆகவே, 'எனக்கு அசதி வந்துவிட்டதோ' என்று நடுங்கிப்போய் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்குப் பெரும்பாலும் அது இல்லை. நல்ல கட்டுரைதான், அந்த இன்னாருக்கு அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டு படிப்பவர்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது மனச்சோர்வு. பல வாரமாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த எதுவும் பிடிக்காமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மருந்தும் செபமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இந்த மூன்றும் இல்லை என்றால், வாருங்கள்.

இரண்டாவது படி: எங்கே விழுந்தோம் என்று தேடுங்கள்

எபேசு சபைக்குத் திருவெளிப்பாடு 2இல் கொடுக்கும் மருந்து மூன்று வேலை: எந்த நிலையிலிருந்து விழுந்தாய் என்று நினைத்துப் பார், மனம் மாறு, முதலில் செய்த செயல்களைச் செய். முதலில் உணர்ந்ததை மறுபடி உணர் என்று சொல்லவில்லை, செய் என்றுதான் சொல்கிறது. இதை நான் கண்டுபிடிக்க நாள் பிடித்தது.

ஒரு நோட்டு எடுத்து எழுதுங்கள். மனசுக்குள் யோசித்தால் மனசு தப்பித்துக்கொள்ளும். யாரும் பார்க்காதபோது கடைசியாக எப்போது செபித்தேன்? கடைசியாக எந்த வசனம் என்னைச் சுட்டது? யாருக்காவது கஷ்டம் என்று கேட்டபோது எப்போது வயிறு கலங்கியது? நான் எழுதியபோது மூன்றாவது கேள்விக்குப் பதில் நான்கு வருசம் பின்னால் போனது. அம்மா இறந்த வருசம். அம்மா போனபின் ஆண்டவரோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது, அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன் என்று அந்த ஏட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். புருசன் பெண்டாட்டி சண்டையைவிட, சண்டை போடாமல் பேச்சை நிறுத்திக்கொள்வது மோசம் இல்லையா, அது மாதிரி.

முடிந்தால் இந்த நோட்டோடு ஓரியூர் போய் உட்காருங்கள். திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் போங்கள். அந்தச் செம்மண்ணில்தான் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி போர்ச்சுகலிலிருந்து வந்த மறைபணியாளர் அருளானந்தர் வெட்டுப்பட்டார். அன்று திருநீற்றுப் புதன். 1686இலேயே மறவர் சீமையில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, விடுதலையாகி, ஐரோப்பாவுக்குப் போனவர் அவர். போர்ச்சுகல் அரசர் லிஸ்பனிலேயே தங்கச் சொன்னார். வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் இந்தப் பொட்டல் காட்டுக்கே திரும்பி வந்தார். எதற்காகத் திரும்பி வந்தார் என்று அந்த மண்ணில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று. வேதசாட்சியைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் யாரும் குணமானதில்லை. வெட்கமும் அசதிக்கு ஒரு தலையணைதான். எழுதிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது படி: ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் வழக்கமாகச் சொல்லும் பட்டியல் ஒன்று இருக்கிறது. பொய் சொன்னேன், கோபப்பட்டேன், இரண்டு பூசை காணவில்லை. வருசக்கணக்காக அதே பட்டியல். அதை ஒருமுறை ஓரமாக வைத்துவிட்டு, 'சாமி, எனக்கு ஆண்டவர்மேல் அக்கறை இல்லாமல் போய்விட்டது' என்று சொல்லிப் பாருங்கள். தொண்டை அடைக்கும். நான் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சாமி கேட்டார்: "போனதுல வருத்தம் இருக்கா?" இருக்கு என்றேன். "அப்ப முழுசாப் போகலை."

மற்ற சபையினர் தங்கள் ஆயரிடமோ, வாயை அடக்கத் தெரிந்த ஒரு நண்பரிடமோ சொல்லலாம். ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கையிடச் சொல்வது யாக்கோபு 5:16. வாட்ஸ்அப் குழுவில் சொல்ல வேண்டாம்.

நான்காவது படி: கயிறு திரிக்கிற மாதிரி செபியுங்கள்

வனத்து அந்தோணியாரைப் பற்றிய ஒரு பழைய கதை. (கச்சத்தீவில் கோவில் கொண்டிருக்கும் நம் பதுவை அந்தோணியார் வேறு. இவர் அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு முந்தியவர், எகிப்துக்காரர்.) பாலைவனத்தில் ஒருநாள் இவருக்கே அக்கேதியா பிடித்துக்கொண்டது. ஆண்டவரே, நான் மீட்படைய விரும்புகிறேன், இந்த எண்ணங்கள் விடமாட்டேன் என்கிறதே, என்ன செய்ய என்று புலம்பினார். வெளியே வந்தால் தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வேலை செய்கிறார், எழுந்து செபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து கயிறு திரிக்கிறார், மறுபடி எழுந்து செபிக்கிறார். 'இப்படிச் செய், மீட்படைவாய்' என்று அந்த வானதூதர் சொன்னாராம். அவ்வளவுதான் கதை. பெரிய தரிசனம் எதுவும் இல்லை.

எங்கள் கரையில் வலை பொத்துகிற பெரியவர்களைப் பாருங்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக முடிச்சுப் போடுவார்கள். இன்று எனக்கு உற்சாகமாக இருக்கிறதா என்று எந்தப் பெரியவரும் கேட்டுக்கொண்டு உட்காருவதில்லை. உட்கார்ந்தபின் கை சூடேறும்.

ஆகவே நேரத்தைச் சின்னதாக வையுங்கள், ஆனால் மாற்றாதீர்கள். நான் பத்து நிமிடத்தில் தொடங்கினேன். விடியற்காலை, போனைத் தொடுவதற்கு முன்னால், அடுக்களைப் பக்கம் இருக்கும் அதே நாற்காலியில். ஒரு திருப்பாடலை வாய்விட்டு வாசிப்பேன். மிச்ச நேரம் ஒரே ஒரு வரியைச் சொல்லிக்கொண்டிருப்பேன்: கடவுளே, எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும். திருப்பாடல் 70இன் தொடக்கம் அது. அக்கேதியாவைப் பற்றி மேற்கத்தியத் திருச்சபைக்குச் சொல்லிக்கொடுத்த யோவான் காசியன், எந்த வேளைக்கும் பொருந்தும் செபம் என்று இந்த ஒரு வசனத்தைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். இன்பத்திலும் சொல்லலாம், எரிச்சலிலும் சொல்லலாம்.

முதல் மூன்று வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொல்லும் இரண்டு விஷயம் உதவியது. சவேரியாரை நம் முத்துக்குளித்துறைப் பக்கம் அனுப்பிவைத்த அதே இஞ்ஞாசியார்தான். ஒன்று, மனம் வறண்டிருக்கும்போது பழைய நல்ல தீர்மானத்தை மாற்றாதே. செபக்குழுவை விடுவது, பங்கை மாற்றுவது, பொறுப்பை ராஜினாமா செய்வது எல்லாம் அப்போது வேண்டாம். இரண்டு, செபத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தோன்றும்போது வைத்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே இரு. பத்து நிமிடம் என்றால் பதினொன்று. அந்தப் பதினோராவது நிமிடம் பிசாசுக்குப் பிடிக்காத நிமிடம் என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாவது படி: கையை வேறொருவருக்காக அசையுங்கள்

காசியன் இன்னொரு துறவியைப் பற்றியும் சொல்கிறார். பவுல் என்று பெயர். சந்தைக்குப் போக ஏழு நாள் நடக்க வேண்டிய பாலைவனத்தில் இருந்தவர். பின்னி முடித்ததை விற்க ஒரு வழியும் இல்லை. ஆனாலும் தினமும் ஓலை சேர்த்து, கூலிக்கு வேலை செய்பவர் மாதிரி அளவு வைத்து வேலை செய்வார். வருசக் கடைசியில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். கை சும்மா இருந்தால் உள்ளம் ஊர் சுற்றும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சாயல்குடி பக்கம் பனையோலைப் பெட்டி முடைகிற ஒரு பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "கொளுத்துவானேன், யாருக்காவது குடுத்திருக்கலாமே சாமியாரு," என்றது. பாட்டி சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அக்கறை திரும்பவும் பிறக்கிற இடம் அடுத்தவர் வீட்டு வாசல். வேதாளைக்கு ஒருமுறை போனால் அந்தோனி கிரிமினாலியை நினைத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையின் முதல் வேதசாட்சி, 1549இல் அங்கே கொல்லப்பட்டவர். படை வந்தபோது கப்பலேறித் தப்பிக்க வழியிருந்தும் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டுக் கரையில் நின்றவர். அன்று அவர் மனதில் பக்தி பொங்கியதா என்று யாருக்குத் தெரியும். ஆட்களை ஏற்றினார்.

நான் செய்தது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. அந்தத் தங்கச்சி வீட்டுக்கு மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வாரம் ஒருமுறை மீன்துறை அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் மனு எழுதிக் கொடுக்கக் கூடப்போனேன். எனக்கு எழுத வரும், அதற்கு வராது, அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசும். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, விடியற்காலை நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மனுசன் முகம் நினைவுக்கு வந்து அழுகை வந்தது. நானாக வரவழைக்கவில்லை. பத்து நிமிடம் தாண்டியதைக் கவனிக்கவில்லை.

உங்களுக்கு அது மண்டபம் முகாமில் ஒரு குடும்பமாக இருக்கலாம், கடல்பாசி எடுக்கப் போய்க் காலில் பாறை வெட்டிய ஒரு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக இருக்கலாம். ஒரே ஆளைப் பிடியுங்கள். பத்துப் பேருக்கு உதவும் திட்டம் போட்டால் அது மறுபடியும் கமிட்டியாகிவிடும்.

ஆறாவது படி: கூட்டத்தை விடாதீர்கள், கூட்டத்தை நம்பியும் இருக்காதீர்கள்

ஞாயிறு பூசைக்கு ஐந்து நிமிடம் முன்னால் போங்கள், முன் பாதியில் உட்காருங்கள், அன்றைய வாசகங்களை முந்தின ராத்திரியே ஒருமுறை படித்துவிடுங்கள். இது போதும். சபைக் கூட்டத்தைச் சிலர் விட்டுவிடுவதுபோல் விடாதீர்கள் என்று எபிரேயர் 10:25 சொல்வதன் காரணம் எளிது, தனியாகக் கரைவலை இழுக்க முடியாது.

ஆனால் சூடு தேடி ஊர் ஊராக அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரிய எழுப்புதல் கூட்டம், மூன்று நாள் தியானம், வேளாங்கண்ணிக்கு நடைபயணம், மாசி பங்குனியில் கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் படகுப் பயணம் எல்லாம் நல்லதுதான். நானும் போயிருக்கிறேன். திரும்பி வந்து இரண்டு வாரம் அனல் பறக்கும், மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. அடுப்பில் பெட்ரோல் ஊற்றினாற்போல. அந்த இரண்டு வாரத்துக்குள் நான்காவது படியின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால் பயணம் வீணாகாது.

ஏழாவது படி: வருசா வருசம் கரையேற்றுங்கள்

தவக்காலம் பெரும்பாலும் தடைக்காலத்துக்குச் சற்று முன்பின்னாகவே முடியும். உயிர்ப்புப் பெருவிழா ஆனதும் நாம் ஓய்ந்துவிடுவோம், கறி எடுக்கப் போய்விடுவோம். கொட்டலசு பிடிக்கத் தொடங்குவது அப்போதுதான். அதனால் நான் கணக்கை ஏப்ரல் 15இலிருந்து வைத்துக்கொண்டேன். படகு கரையில் நிற்கும் 61 நாளும் அந்த நோட்டை மறுபடி எடுப்பேன், அதே மூன்று கேள்விகள். ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம். இடையில் நாலு நாள் விட்டுப்போனால் ஐந்தாவது நாள் உட்கார்ந்துவிடுவேன், விட்டதற்கு வட்டி போட்டு நாற்பது நிமிடம் செபிக்கும் வேலையெல்லாம் கிடையாது.

படகுக்காரரிடம் அன்று கேட்டேன், இவ்வளவு சுரண்டியபின் மறுபடி பிடிக்குமா என்று. சிரித்துவிட்டார். "கடல்ல கெடந்தா பிடிக்காமயாண்ணே இருக்கும்?"

அந்தத் தங்கச்சியின் வீட்டுக்காரர் சில மாதம் கழித்து வந்து சேர்ந்தார். இப்போதும் அன்பிய செபம் அவர்கள் வீட்டில் வரும் மாலைகளில், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கச்சி கையை நீட்டும். "அண்ணே, போனு." கொடுத்துவிடுவேன். ஃபிரிட்ஜுக்கு மேலே கவிழ்த்து வைத்துவிட்டு வந்து மெழுகுதிரி ஏற்றும்.